எழுதாமல் விட்ட ஆள்

அத்தியாயம் 9

போன கிழமை கோசலாவைக் குசினி வாசலில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். பாவம், அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் நிற்கிறாள். ஒரு கையில் ஆறிப்போன தேத்தண்ணி. மற்றக் கையில் அப்பா போன மாதம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி, மூன்று தாள்.

இடையில் ஒரு கிழமை தவறவிட்டவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குலசிங்கம் நயினாதீவின் படகு அம்புலன்ஸைப் பதினொரு வருடமாக ஓட்டுகிறவர். நாற்பது நாளைக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தையல் ரீச்சர் சத்தியபாமாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஐந்து ஐம்பதுக்குக் கணவர் சிவகுரு போன் எடுத்தார். படகு வந்தது ஆறரைக்கு. பாதிக் கடலில் சத்தியபாமாவின் மூச்சு நின்றுவிட்டது.

இன்று வேலணையில் அதற்கான விசாரணை. குலசிங்கத்துக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. பிழை அவரில் என்று தீர்ந்தால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும், பொலிஸ்வரைக்கும் போகலாம்.

மகள் கோசலாவின் சம்பளமே இந்த மாதிரி விசாரணைகளில்தான். அம்புலன்ஸ்காரர், தீயணைப்புக்காரர், கடலில் ஆள் காப்பவர் என்று யார்மேல் முறைப்பாடு வந்தாலும், அவர்கள் எழுதிக் கொடுப்பதை வாசித்து, பொய் எங்கே படுத்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுவாள். ஆறு வருடமாகப் போடுகிறாள். தகப்பனின் கோப்பு வந்ததும், "இதை நான் தொடமாட்டேன்" என்று மேலதிகாரி செல்வரத்தினத்துக்குக் கடிதம் கொடுத்தாள். நேர்மையான பிள்ளைதான். ஆனால் விடியக் காலமை அப்பா வந்து, "ஒருக்கா வாசிச்சுப் பார் பிள்ளை" என்று நீட்டினால் எந்த மகள் வாங்காமல் விடுவாள், சொல்லுங்கள்!

"அப்பா, உது பிடிபடும்" என்றாள்.

குலசிங்கம் மேசையில் துவாயை விரித்து வேலைச் சட்டையைச் சுருக்கம் போக மினுக்கிக்கொண்டிருந்தார். "எது பிடிபடும்?"

"டீசல் எடுக்க அக்கரையில குறிகட்டுவானுக்குப் போனது ஒரு பக்கம். படகைக் கட்டினது, உயிர்காப்பு அங்கியள் எட்டையும் எண்ணினது அரைப் பக்கம். போன் வந்த நேரம் சரி. அதுக்குப் பிறகு? 'அதன் பின்னர் படகை ஆயத்தம் செய்து புறப்பட்டேன்.' ஒரேயொரு வரி. அங்கயிருந்து இஞ்ச வரப் பன்னிரண்டு நிமிசம். நீங்கள் வந்தது நாப்பது நிமிசத்தில. மிச்சம் இருபத்தெட்டு நிமிசமும் அந்த ஒரு வரிக்குள்ள கிடக்குது."

"எழுதத் தெரியாத ஆள் எழுதினது. சுருக்கிப்போட்டன்."

"எழுதத் தெரியாத ஆள் அங்கி எண்ணினதை ஏன் அரைப் பக்கம் எழுதுறார்?"

அவளுக்கு ஒரு தீயணைப்புக்காரர் ஞாபகம் வந்தார். நாலு பக்கம் எழுதியிருந்தார். மூன்றரைப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் துடைத்துச் சுருட்டியதைப் பற்றி. நெருப்பைப் பற்றி நாலு வரி. அன்றைக்கு அந்த மனிதர் வண்டிக்குள் நித்திரை. மனிதர் மறைக்க நினைக்கிற இடத்தில் பொய் சொல்வது குறைவு. தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டுவதற்கு முன்னால் நல்ல பிள்ளை மாதிரி எல்லாம் எழுதிவைப்பார்கள்.

"அதோட அப்பா, இதுக்குள்ள ஆக்களே இல்லை."

அதுதான் அவளை உறுத்தியது. குலசிங்கம் கடைக்குப் போய்ச் சீனி வாங்கிவந்த கதையைச் சொன்னாலும் ஏழு பேர் வருவார்கள். அவன் வழியில் மறித்தவன், இவ கனடாவுக்குப் போன கதை சொன்னவ, ஐயர் குடையை விட்டுட்டுப் போனவர் என்று நீட்டுவார். அம்மா, "சீனி எங்க?" என்று கத்தும்வரைக்கும் நிறுத்தமாட்டார். அந்த மனிதர் எழுதிய மூன்று தாளில், போன் வந்ததற்குப் பிறகு ஒரு குருவிகூட இல்லை.

"உண்மை சொல்லுற ஆள் கதைக்குள்ள ஆக்களோடதான் வருவார்" என்றாள் கோசலா. "ஆளில்லாத கதை எண்டால் ஆரையோ எடுத்துப்போட்டு எழுதினது. அநேகமா அது அவர் காப்பாத்த நினைக்கிற ஆளாய் இருக்கும்."

மினுக்குப்பெட்டி நின்றுவிட்டது. "அப்பிடியோ?"

"ஆரை எடுத்துவிட்டனீங்கள்? மரியநாயகம் அண்ணையையோ? எஞ்சினைத் திறந்துவைச்சுக்கொண்டு நிண்டு சுணக்கினவரோ?"

மரியநாயகம் குறிகட்டுவான் துறையில் எஞ்சின் திருத்துகிறவர். அம்புலன்ஸ் படகைப் பார்க்கிற ஒப்பந்தமும் அவரிடம்தான். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன்.

குலசிங்கம் சட்டையின் மற்றக் கையை மினுக்கத் தொடங்கினார். "அப்ப அந்த ஆளைத் திருப்பிச் சேத்துச் சொன்னால் நம்புவினமோ?" என்று கேட்டார்.

"உண்மையான ஆள் எண்டால் நம்புவினம்."

"கண்டறியாத ஆராய்ச்சி!" குசினிக்குள்ளிருந்து அம்மா மனோகரி சீறினாள். "அந்த மனிசனை ரெண்டு இடியப்பம் தின்ன விடு. எழுதினது எழுதினதாய்க் கிடக்கட்டும்."

அம்மாவின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று நினைத்தாள் கோசலா. ஊர் உலகத்துப் பொய்யெல்லாம் கண்டுபிடிக்கிறவள், பெற்ற தாயின் கண்ணைப் பார்த்துவிட்டு வெங்காயம் என்று நினைத்தாள்.

*

எட்டு மணிப் பயணிகள் லோஞ்சில் அவ்வளவு கூட்டம் இல்லை. கடைசி ஆளாகச் சிவகுரு ஏறினார். அவருக்கும் இன்று விசாரணைக்கு அழைப்பு. துறையடியில் பூவும் கற்பூரமும் விற்கிற கடை அவருடையது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒன்பது நாள். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன.

அவரைக் கண்டதும் குலசிங்கம் எழும்பினார். "எஞ்சின் சத்தம் ஒரு மாதிரிக் கிடக்குது, பாத்திட்டு வாறன்" என்று பின்பக்கம் போய்விட்டார். எஞ்சின் நன்றாகத்தான் இரைந்தது.

சிவகுரு கோசலாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"உம்மட அப்பாவில எனக்கு ஒரு கோவமும் இல்லைப் பிள்ளை. என்னத்தைக் கேட்டாலும் நான் அப்பிடித்தான் சொல்லுவன். பதினொரு வருசத்தில எத்தினை பேரைக் கொண்டுபோய்ச் சேத்தவர். போன வருசம் என்னையே கொண்டுபோனவர்."

"அண்ணை, உங்களுக்குச் சாப்பாடு?"

"தங்கச்சி வீட்டில தருகினம்." சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார். "ஒண்டு மட்டும் மண்டைக்குள்ள நிண்டுகொண்டே இருக்குது. ஆரிட்டையும் சொல்லேல்லை. ரெண்டாந்தரம் நான் போன் எடுத்தனான், ஆறு இருபதுக்கு. இவவின்ர முதுகைத் தடவ ஒரு கை வேணும், அதால போனை ஸ்பீக்கரில போட்டு நிலத்தில வைச்சனான். 'இந்தா வந்திட்டன்' எண்டார் உம்மட அப்பா. பின்னால ஆரோ ஒரு பொம்பிளை சிரிச்சுக் கேட்டது. நல்ல சந்தோசமான சிரிப்பு."

லோஞ்ச் ஒரு அலையில் ஏறி இறங்கியது.

"சத்தியபாமாவும் அதைக் கேட்டவ. கதைக்க ஏலாது. ஆனால் நிமிந்து என்னைப் பாத்து லேசாச் சிரிச்சவ. கடைசியாச் சிரிச்சது அதுதான். அந்தப் பொம்பிளை ஆரெண்டு தெரிஞ்சால்..." தலையை ஆட்டினார். "ஆரெண்டு தெரிஞ்சு என்ன செய்யப்போறன்."

கோசலாவின் கை இரும்புக் கம்பியைப் பிடித்தது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவின் பிறந்தநாள். கேக் வாங்க வேலணையில் இறங்கியதால் பஸ்ஸைத் தவறவிட்டாள். அடுத்த பஸ்ஸில் இருந்துகொண்டு அப்பாவுக்குப் போன் எடுத்தாள். "அப்பா, கடைசி லோஞ்ச் விட்டிடும் போல. நீங்கள் குறிகட்டுவானில எண்டால் நில்லுங்கோ, என்ன!" அப்பா சொன்னார்: "டீசல் எடுக்க வந்தனான் பிள்ளை. வெறும் படகுதானே. ஆறுதலா வா."

அந்தப் படகில் ஒரு தரமாவது ஏறிப் போகாத வீடு நயினாதீவில் இல்லை. லோஞ்சைத் தவறவிட்டவன் அம்புலன்ஸ் படகில் தொற்றிக்கொண்டு வருவதை ஒருவரும் பிழையாக எடுப்பதில்லை. கோசலாவும் எடுக்கவில்லை.

நடுக் கடலில் படகு துள்ளிக் கேக் பெட்டி வழுக்கிப் போனது. அவள் பாய்ந்து தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நேரத்தில்தான் அப்பாவின் போன் அடித்தது. "ஆரப்பா?" என்று கேட்டாள். "அம்மா. தேத்தண்ணி ஆறுதாம்" என்றார்.

நயினாதீவுத் துறைக்கும் அவர் நேரே போகவில்லை. "துறையில சனமாக் கிடக்கும், நீ இஞ்சாலயே இறங்கு" என்று வீட்டுக்குப் பின்னால் முழங்கால் தண்ணியில் இறக்கிவிட்டார். அவள் திரும்பிக் கை காட்டுவதற்குள் படகைப் பறக்கவிட்டார். அப்பாவுக்கும் இந்த வயதில் இளந்தாரி விளையாட்டு என்று நினைத்து அப்போதும் சிரித்தாள். அவளை இறக்கிவிட்டு மிச்ச டீசலுக்குத் திரும்பிப் போன பிறகுதான் சிவகுருவின் அழைப்பு வந்தது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

எழுதாமல் விட்ட ஆள் அவள்தான். ஐயோ கடவுளே, அவளேதான்.

"பிள்ளை, தலை சுத்துதே? முகமெல்லாம் வெளிறிக் கிடக்குது" என்றார் சிவகுரு. தன் தண்ணிப் போத்தலைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக் குடித்தாள். வேறு என்ன செய்வாள்?

*

பஸ்ஸில் சிவகுரு முன்னுக்கு இருந்தார். தகப்பனும் மகளும் கடைசி இருக்கையில்.

"நான்தானே அப்பா?"

குலசிங்கம் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஐஞ்சு ஐம்பதுக்கு அவர் எடுக்கேக்க நீங்கள் துறையில எனக்குப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். அப்பிடித்தானே?"

"நீ அதில இல்லை. நான் உன்னை அதில எழுதேல்லை."

"எழுதாட்டில் நான் இல்லையெண்டு ஆகுமோ?"

அவர் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டார். குரல் அடங்கிப்போய் வந்தது. "சத்தியபாமாவுக்கு மாதத்தில ரெண்டு தரம் இழுக்கிறது. வாயில மருந்தை அடிச்சால் நிண்டிடும். இதுவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். பஸ் புங்குடுதீவுக்கு வந்திட்டுதெண்டு நீ சொன்னனீ. பத்து நிமிசம், பிள்ளை. பத்து நிமிசம்தானே எண்டு நிண்டனான். பஸ் பிந்திப்போச்சு. உன்னை அந்த வெறுந்துறையில இருட்டுக்க தனிய விட்டிட்டு என்னெண்டு நான் வெளிக்கிடுறது?"

"விட்டிட்டுப் போயிருக்க வேணும்."

"ஓம்" என்றார். "இப்ப தெரியுது."

கோசலா அழவில்லை. தன்னைத் தூக்கி வளர்த்த கையை இப்படி ஒரு நாளும் அவள் வெறுத்ததில்லை. இப்படி ஒரு நாளும் அதற்காக நொந்ததும் இல்லை.

"அப்பா, போய் உள்ளதைச் சொல்லுங்கோ. நானும் வந்து சொல்லுறன். வேலை போனால் போகட்டும், என்ர சம்பளம் கிடக்குது. அந்த மனிசன் எனக்குத் தண்ணி தந்தவர், அப்பா. சொல்லுவீங்கள்தானே?"

குலசிங்கம் அவளுடைய கையைப் பிடித்து இரண்டு தரம் தட்டினார்.

"ஓம்" என்றார்.

அவள் நம்பினாள்.

*

விசாரணை அறையின் சுவர் அரைச் சுவர். மேலே பலகைச் சட்டம். உள்ளே கதைக்கிறது வெளி வாங்கில் இருப்பவர்களுக்கு அப்படியே கேட்கும். கோசலாவும் சிவகுருவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

செல்வரத்தினம் அதட்டுகிற ஆள் இல்லை. வாக்குமூலத்தை முழுதாக வாசித்துவிட்டு, பேனையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"குலசிங்கம், ஒரு விசயம் எனக்கு விளங்கேல்லை. போன் வந்ததுக்குப் பிறகு உம்மட கதைக்குள்ள ஒருத்தரும் இல்லையே. துறையில ஒரு மனிசரும் இல்லையோ?"

கோசலா கண்ணை மூடினாள். சொல்லுங்கோ அப்பா. சொல்லுங்கோ.

உள்ளே கதிரை ஒன்று கிறீச்சிட்டது. பிறகு அப்பாவின் குரல்.

"ஒராள் நிண்டது ஐயா. வேணுமெண்டுதான் எழுதாமல் விட்டனான்."

"ஏன்?"

"பாவம் பாத்து. மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் அந்த ஆளுக்கு. மரியநாயகம், ஐயா. நான் டீசல் எடுக்கப் போன நேரத்தில எஞ்சினைத் திறந்து ஏதோ கழட்டிப்போட்டான். போன் வந்து நான் ஓடிவந்தால் எஞ்சின் பிடிக்குதில்லை. 'பொறு அண்ணை, இப்ப பூட்டிறன்' எண்டு சொல்லிச் சொல்லி அரை மணித்தியாலம் போச்சுது. கை நடுங்குது அவனுக்கு. நான் பேசினனான், அவன் அழுதவன். இதை எழுதினால் அவன்ர ஒப்பந்தம் போயிடும் எண்டு என்ர தலையிலயே போட்டுக்கொண்டன்."

கோசலா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஆள் வந்துவிட்டார், காப்பாற்ற வேண்டிய காரணம் வந்துவிட்டது. அழுகை, நடுங்குகிற கை, சொன்ன வார்த்தை எல்லாம் வந்துவிட்டன. இந்த வாக்குமூலம் மேசையில் வந்திருந்தால் அவளே ஒரு கோடும் போடாமல் விட்டிருப்பாள். காலையில் மினுக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் சொல்லிக் கொடுத்த பாடம். பெயரையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பக்கத்தில் சிவகுரு நிமிர்ந்து இருந்தார்.

"மரியநாயகமோ..." என்றார். "அட, அவன்ர மூத்த பெட்டைக்குச் சாமத்தியவீட்டுக்குச் சட்டை தைச்சுக் குடுத்தவ இவ! பிள்ளை, நான் உம்மட அப்பாவை மனசுக்குள்ள கொஞ்சம் ஏசிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும். தன்ர தலையில போட்டுக்கொண்டு நிண்டிருக்கிறார், பாரும்." பிறகு பல்லைக் கடித்தார். "அவனைச் சும்மா விடமாட்டன். என்ர மனிசியின்ர படத்துக்கு முன்னால கொண்டுவந்து நிப்பாட்டுவன்."

கதவு திறந்தது. செல்வரத்தினம் வெளியே வந்தார். முகத்தில் பெரிய ஆறுதல்.

"கோசலா, எல்லாம் வெளிச்சுப்போச்சு. எடுத்துவிட்ட ஆளைப் பிடிச்சால் கதை வந்திடும் எண்டு நீர் சொல்லுறது சரியாத்தான் கிடக்குது. மரியநாயகத்தை நிப்பாட்டச் சொல்லி இண்டைக்கே கடிதம் அடிக்கப்போறன். பொலிசுக்கும் ஒரு பிரதி." குரலைத் தாழ்த்தினார். "அப்பாவைப் பற்றி இனி யோசியாதையும்."

அவருக்குப் பின்னால் குலசிங்கம் வந்து நின்றார். மினுக்கிய சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் கடற்கரையில் நண்டு கடித்து அவள் கத்தியபோது பார்த்த அதே பார்வை. 'ஒண்டுமில்லை, அப்பா இருக்கிறன்' என்கிற பார்வை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தப் பார்வைக்காக ஒரு பெண் கடலில் மூச்சடங்கிப் போனாள். அந்தப் பார்வைக்காக இன்னொருத்தரின் மூன்று பிள்ளைகள் தெருவுக்கு வரப்போகிறார்கள்.

"ஐயா, எனக்கு ஒரு தாள் தாங்கோ" என்றாள் கோசலா.

"ஏன்? உமக்கு இதில வேலையில்லையே."

"இருக்குது ஐயா."

"பிள்ளை" என்றார் குலசிங்கம். "வேண்டாம். என்ர செல்லமெல்லே, வேண்டாம்."

அவள் நிமிரவில்லை. தாளைத் தொடையில் வைத்தாள். ஆறு வருடமாக மற்றவர்களின் வாக்குமூலத்தில் கோடு போட்ட பென்சிலை எடுத்து, பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு, பேனையை எடுத்தாள். முதல் வரியில் ஆட்களோடு தொடங்கினாள்.

'நான், குலசிங்கம் கோசலா. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு இருபதுக்குச் சிவகுரு அண்ணை போன் எடுத்தபோது, படகில் அப்பாவுக்குப் பின்னால் இருந்து சிரித்த பெண் நான்.'

"என்ன பிள்ளை எழுதுறீர்?" என்றார் சிவகுரு.

தாளை அவள் செல்வரத்தினத்திடம் கொடுக்கவில்லை. அது முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல. இரண்டு கையாலும் பிடித்துச் சிவகுருவிடம் நீட்டினாள்.

"வாசியுங்கோ அண்ணை."

"பொறும், எழுத்துத் தெரியுதில்லை" என்று சொல்லிக்கொண்டு, சிவகுரு சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.